‘அண்ட்’ போடுற இடத்துல ‘பட்’ போடாதீங்க!



சுவர்ப் பத்திரிகை என்றால் கவிதை, பொன்மொழி, விடுகதை, கோலம் இதெல்லாம்தான் எல்லோரும் எழுதுவாங்க. நான் இங்கிலீஷ் கிராமர் பற்றி எழுதுகிறேன். “ஐயோ, கிராமரா?” என்று பக்கத்துத் தாளுக்குத் தாவிடாதீங்க. இது மார்க் பற்றிய கட்டுரை மட்டும் இல்லை. மரியாதை பற்றியும் இதில் இருக்கிறது. கடைசியில் ஒரு சின்னப் பரீட்சையும் இருக்கிறது.

இங்கிலீஷில் ஏழு சின்னச் சொற்கள் இருக்கின்றன. ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. இவற்றின் முதல் எழுத்துகளை வரிசையாகச் சேர்த்தால் ‘ஃபேன்பாய்ஸ்’ என்று வரும். ஞாபகம் வைத்துக்கொள்ள இதுதான் சுலபமான வழி. இவற்றுக்கு கோ-ஆர்டினேட்டிங் கன்ஜங்ஷன் என்று பெயர். சமமான இரண்டு சொற்களை, அல்லது சமமான இரண்டு வாக்கியங்களை இணைக்கிற சொல் என்று அர்த்தம்.

“இவ்வளவு சின்னச் சொல்லுக்கு இவ்வளவு பேச்சா?” என்று சிலர் கேட்கலாம். நம்ம ஊரில் அறுப்பு முடிந்து வைக்கோலைக் கட்டும்போது பார்த்திருப்பீங்க. கட்டு பெரிசு, கட்டுகிற பிரி சின்னது. பிரியும் வைக்கோல்தான், தனியாக விலை கிடையாது. ஆனால் பிரியை எடுத்துவிட்டால் தலையில் தூக்க ஒரு கட்டு இருக்காது. “அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்று பெரியவங்க சொல்வதும் இதைத்தான்.

ஒரே செய்தி, மூன்று அர்த்தம்

மழை பெய்தது. அறுவடை நடந்தது. இந்த இரண்டு செய்திகளை இங்கிலீஷில் இணைத்துப் பாருங்கள்.

‘இட் ரெயின்ட், அண்ட் த ஹார்வெஸ்ட் வென்ட் ஆன்.’ இரண்டு செய்தி, அவ்வளவுதான்.

‘இட் ரெயின்ட், பட் த ஹார்வெஸ்ட் வென்ட் ஆன்.’ மழை பெய்தும் அறுவடை நிற்கவில்லை. இதில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது.

‘இட் ரெயின்ட், ஸோ த ஹார்வெஸ்ட் வென்ட் ஆன்.’ மழை பெய்ததால் அறுவடை நடந்தது! இதைக் கேட்டால் வலங்கைமான் பக்கம் உள்ள எந்த விவசாயியும் சிரித்துவிடுவார்.

மற்ற சொற்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நடுவில் உள்ள ஒரு சின்னச் சொல் மாறினால் முழு அர்த்தமும் மாறுகிறது. ஸ்பெல்லிங் தப்பாக எழுதினால் படிப்பவர் புரிந்துகொள்வார். கன்ஜங்ஷன் தப்பாகப் போட்டால் அவர் வேறு ஒன்றைப் புரிந்துகொள்வார். அதனால் ஸ்பெல்லிங் தப்பைவிட இது பெரிய தப்பு என்பது என் கருத்து.

நாம் ஏன் தப்பு செய்கிறோம்?

நம்மை மக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. நம்மில் பலர் தப்பாக எழுதுவதற்குக் காரணம், நமக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்பதுதான்! எப்படி என்று சொல்கிறேன்.

1. தமிழில் ‘அண்ட்’ தனியாக நிற்காது. ‘உம்’ என்று சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அதுவும் ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டும். “அண்ணனும் அக்காவும் தம்பியும் வந்தார்கள்” என்கிறோம். அந்தப் பழக்கத்தில் இங்கிலீஷிலும் ‘பிரதர் அண்ட் சிஸ்டர் அண்ட் அங்கிள் அண்ட் ஆன்ட்டி’ என்று அடுக்குகிறோம். இங்கிலீஷில் நடுவில் எல்லாம் கமா போட்டு, கடைசிக்கு முன்னால் ஒரே ஒரு ‘அண்ட்’ போட்டால் போதும்.

2. தமிழில் அந்த ‘உம்’மை மறைக்கவும் செய்யலாம். இரவும் பகலும் என்றால் எண்ணும்மை, இரவு பகல் என்றால் உம்மைத்தொகை. தமிழய்யா வகுப்பில் படித்திருக்கிறோம். ‘அப்பா அம்மா’ என்று சொன்னால் நமக்குப் போதும். ஆனால் ‘மை ஃபாதர் மதர் ஆர் ஃபார்மர்ஸ்’ என்று எழுதினால் டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போடுவாங்க. இங்கிலீஷில் உம்மைத்தொகை கிடையாது. ‘மை ஃபாதர் அண்ட் மதர்’ என்றுதான் எழுத வேண்டும்.

3. “காலையில் எழுந்து, பல் தேய்த்து, குளித்து, சாப்பிட்டு, பள்ளிக்கு வந்தேன்.” தமிழில் எத்தனை வினையெச்சம் வேண்டுமானாலும் கோக்கலாம். கடைசியில் ஒரு வினைமுற்று வந்தால் வாக்கியம் முடிந்துவிடும். இதை அப்படியே இங்கிலீஷில் எழுதினால் நான்கு ‘அண்ட்’ வந்துவிடுகிறது. அதை இரண்டு மூன்று வாக்கியமாக உடைப்பதுதான் நல்லது.

4. “ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், பட் வீ கேம் டு ஸ்கூல்.” இது நம்ம பக்கம் அடிக்கடி பார்க்கிற தப்பு. ‘ஆல்தோ’ என்று ஆரம்பித்தால் ‘பட்’ வேண்டாம், ‘பட்’ போட்டால் ‘ஆல்தோ’ வேண்டாம். அதே மாதிரிதான் ‘பிகாஸ்’ போட்ட வாக்கியத்தில் ‘ஸோ’ போடுவதும். ஒரு கட்டுக்கு ஒரு பிரி போதும்.

5. இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமா போட்டு ஒட்டுவது. தமிழில் “மழை பெய்தது, பள்ளிக்கூடம் லீவு” என்றால் எல்லோருக்கும் புரியும். இங்கிலீஷில் கமாவுக்கு அந்தப் பலம் கிடையாது. கமாவோடு ‘ஸோ’வும் வேண்டும். இல்லாவிட்டால் முற்றுப்புள்ளி வைத்துப் புது வாக்கியம் ஆரம்பிக்க வேண்டும்.

6. இணைக்கிற இரண்டும் ஒரே ஜாதிச் சொல்லாக இருக்க வேண்டும். ‘ஷி லைக்ஸ் சிங்கிங் அண்ட் டு டான்ஸ்’ தப்பு. ‘சிங்கிங் அண்ட் டான்சிங்’ சரி. தராசில் இரண்டு தட்டும் ஒரே மாதிரி இருக்கணும் இல்லையா?

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சின்னச் சொற்களை மதிக்கிற பழக்கம் நமக்குப் புதிது இல்லை. தொல்காப்பியத்தில் இடைச்சொல்லுக்கென்றே ‘இடையியல்’ என்று ஒரு தனி இயல் இருக்கிறது. ‘உம்’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் எட்டுப் பொருள் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு நுட்பமாகப் பார்த்த மொழியில் பிறந்த நமக்கு ஏழு இங்கிலீஷ் சொல் என்ன கஷ்டம்? தமிழ் இலக்கணம் ஒழுங்காகத் தெரிந்தால் இங்கிலீஷ் கிராமர் பாதி தெரிந்த மாதிரி என்று நான் நினைக்கிறேன்.

பேங்க்கில் ஒரு ‘ஆர்’

“பரீட்சை முடிஞ்சா இது எதுக்கு?” என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். வீட்டில் யாரிடமாவது செக் புத்தகம் இருந்தால் வாங்கிப் பாருங்கள். பெயர் எழுதுகிற கோட்டின் கடைசியில் ‘ஆர் பேரர்’ என்று அச்சடித்திருக்கும். ‘அல்லது கொண்டு வருபவருக்கு’ என்று அர்த்தம். அந்த ‘ஆர் பேரர்’ஐ அடிக்காமல் கொடுத்தால், செக்கைக் கொண்டு போகிற யாரும் பணம் வாங்கிவிட முடியும். அதனால்தான் தெரிந்தவர்கள் அந்த இரண்டு சொல்லையும் பேனாவால் அடித்துவிட்டுக் கொடுக்கிறார்கள்.

அப்பா அம்மா இரண்டு பேர் பெயரிலும் பேங்க் கணக்கு ஆரம்பித்தால், கணக்கை யார் இயக்குவது என்று ஃபாரத்தில் கேட்பாங்க. ‘ஈதர் ஆர் சர்வைவர்’ என்று இருந்தால் இரண்டு பேரில் யார் கையெழுத்துப் போட்டாலும் பணம் எடுக்கலாம். ஒருவர் காலமாகிவிட்டால் மற்றவர் எடுக்கலாம். ‘ஜாயின்ட்லி’ என்று இருந்தால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது ஒன்று ‘ஆர்’ கணக்கு, இன்னொன்று ‘அண்ட்’ கணக்கு. நம் வீடுகளில் நிறைய அம்மாக்கள் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். அந்த ஃபாரத்தைப் படித்துச் சொல்ல வேண்டியது யார்? பள்ளிக்கூடம் போகிற நாம்தான்.

வெளிநாட்டில் நடந்த ஒரு வழக்கையும் சொல்கிறேன். அமெரிக்காவில் மெய்ன் என்ற மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்று ஒரு பால் கம்பெனி. அதன் லாரி டிரைவர்கள் தங்களுக்கு ஓவர்டைம் சம்பளம் வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். எந்த எந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று அந்த மாநிலச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதன் கடைசியில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று வரும். ‘ஆர்’ என்ற சொல்லுக்கு முன்னால் கமா இல்லை. அதனால் ஒரு சந்தேகம் வந்தது. பேக்கிங் ஒரு வேலை, கொண்டு போய்ச் சேர்ப்பது இன்னொரு வேலையா? இல்லை, கொண்டு போவதற்காகப் பேக்கிங் செய்வது என்று எல்லாம் சேர்ந்து ஒரே வேலையா? டிரைவர்கள் பேக்கிங் செய்வது இல்லை, கொண்டு போய்ச் சேர்ப்பது மட்டும்தான். 2017-ல் அப்பீல் கோர்ட் டிரைவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2018-ல் கம்பெனி 50 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஒரு ‘ஆர்’, அதன் முன்னால் ஒரு கமா. உழைப்பவர்களின் கூலி அதில் மாட்டிக்கொண்டு இருந்தது!

‘பட்’டுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணம்

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

‘பட்’ என்ற சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. முதல் பாதியைக் கேட்டவுடன் நாம் ஒன்றை எதிர்பார்க்கிறோம். அது நடக்காமல் வேறு ஒன்று நடந்தால்தான் ‘பட்’. ‘ஷி ஸ்டடீட் வெல், பட் ஷி வாஸ் சிக் ஆன் த எக்ஸாம் டே.’ நன்றாகப் படித்தவள் நன்றாக எழுதுவாள் என்று எதிர்பார்த்தோம். காய்ச்சல் வந்துவிட்டது. இங்கே ‘பட்’ சரி.

இப்போது இதைப் பாருங்கள். ‘ஹி இஸ் புவர் பட் ஆனஸ்ட்.’ அவர் ஏழை, ஆனால் நேர்மையானவர். கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கிறது. கொஞ்சம் யோசித்தால், ஏழை என்றால் நேர்மை இருக்காது என்று எதிர்பார்த்த மாதிரி அல்லவா ஆகிறது? ‘ஹி இஸ் புவர் அண்ட் ஆனஸ்ட்’ என்று எழுதினால் ஏழ்மை ஒரு செய்தி, நேர்மை ஒரு செய்தி. யாருக்கும் அவமானம் இல்லை.

ஒரு விழாவில் மேடையில் பேசிய ஒருவர், பிள்ளைகளைப் பார்த்து, ‘தே ஆர் ஃப்ரம் எ வில்லேஜ், பட் தே ஆர் இன்டெலிஜென்ட்’ என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ‘பட்’ எனக்கு உறுத்தியது. கிராமத்துக்கும் அறிவுக்கும் நடுவில் ‘பட்’ எதற்கு? தண்ணீர் எத்தனை நாள் முறை, விதை எத்தனை மரக்கால், கூலி எவ்வளவு என்று பேப்பர் பென்சில் இல்லாமல் கணக்குப் போடுகிறவர்கள் கிராமத்தில்தானே இருக்காங்க?

இது இங்கிலீஷில் மட்டும் இல்லை. தமிழில் நாம் தினமும் கேட்கிறோம்.

“பொண்ணுதான், ஆனா நல்லா படிக்கிறா.”
“கூலி வேலை செய்றவங்க பிள்ளைதான், ஆனா சுத்தமா இருக்கு.”
“தமிழ் மீடியம்தான், ஆனா பரவாயில்லை.”
“கறுப்புதான், ஆனா லட்சணமா இருக்கா.”

ஒவ்வொரு ‘ஆனா’வையும் எடுத்துவிட்டு ‘உம்’ போட்டுச் சொல்லிப் பாருங்கள். “அவள் கறுப்பாகவும் இருக்கிறாள், லட்சணமாகவும் இருக்கிறாள்.” எவ்வளவு நன்றாக இருக்கிறது! ‘ஆனா’ போட்டுச் சொல்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. நம்ம பாட்டி சொல்வாங்க, அத்தை சொல்வாங்க, நாமே கூடச் சொல்லுவோம். பழக்கத்தில் வருகிறது. ஆனால் அந்தப் பழக்கத்துக்குள் ஒரு எண்ணம் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க கிராமர் உதவி செய்கிறது. அதனால்தான் கிராமர் மார்க்குக்கு மட்டும் இல்லை என்று முதலிலேயே சொன்னேன்.

நம்ம ஊர்க்காரர் ஒருவர்

வலங்கைமானுக்கும் நல்ல இங்கிலீஷுக்கும் நடுவில் ‘அண்ட்’ போட்ட ஒருவர் இருக்கிறார். அவர்தான் ரைட் ஆனரபிள் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார். 1869 செப்டம்பர் 22-ல் நம்ம வலங்கைமானில் பிறந்தவர். அவருடைய இனிஷியலில் உள்ள ‘வி’ வலங்கைமான்தான்! காந்தியடிகள் பிறந்தது அதே ஆண்டு அக்டோபர் 2. அதாவது சாஸ்திரியார் காந்தியடிகளைவிடப் பத்தே நாள் மூத்தவர்.

வசதி இல்லாத குடும்பம். படித்தது கும்பகோணத்தில். பிறகு வாத்தியார் வேலை. சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தார். கோபாலகிருஷ்ண கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, அவர் மறைந்த பிறகு 1915-ல் அதன் தலைவரானார். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் ஏஜென்ட்டாக இருந்தார். அங்கே டர்பன் நகரில் இந்தியப் பிள்ளைகள் படிக்க ஏற்பட்ட சாஸ்திரி கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். வெள்ளைக்காரர்களே அவருடைய இங்கிலீஷைக் கேட்டு ‘வெள்ளி நாக்குப் பேச்சாளர்’ என்று பெயர் வைத்தார்கள். அவருடைய அரசியலை ஏற்காதவர்கள் உண்டு. அவருடைய இங்கிலீஷைக் குறை சொன்னவர்கள் அபூர்வம்.

காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’யை குஜராத்தியிலிருந்து இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர் மகாதேவ தேசாய். 1940-ல் வந்த இரண்டாம் பதிப்புக்காக அந்த இங்கிலீஷை ஒரு பெரியவர் வரிவரியாகப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். தன் பெயரைப் புத்தகத்தில் போடக்கூடாது என்று நிபந்தனையும் வைத்தார். அந்தப் பெரியவர் நம்ம ஊர் சாஸ்திரியார்தான் என்பது பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. உலகமே படிக்கிற புத்தகத்தில் நம்ம ஊர்க்காரரின் கை இருக்கிறது, பெயர் இல்லை. கன்ஜங்ஷன் மாதிரியே இல்லையா? இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்துவிட்டு, தான் சத்தம் போடாமல் நடுவில் நிற்கும்.

எதிர்க் கருத்துக்குப் பதில்

“பேச வந்தா போதும், கிராமர் வேண்டாம்” என்று சிலர் சொல்றாங்க. தப்பு வந்துடுமோ என்று பயந்து வாயே திறக்காமல் இருப்பதைவிடத் தப்பாகப் பேசுவது நல்லதுதான். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேசுவது வேறு, எழுதிக் கையெழுத்துப் போடுவது வேறு. பேசும்போது முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வாங்க. எழுதிய தாளுக்கு முகம் கிடையாது.

“வாக்கியத்தை ‘அண்ட்’, ‘பட்’ என்று ஆரம்பிக்கவே கூடாது” என்றும் சொல்றாங்க. பழைய இங்கிலீஷ் பைபிளைத் திறந்தால் முதல் அதிகாரத்திலேயே வசனத்துக்கு வசனம் ‘அண்ட்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆகவே அது பாவம் ஒன்றும் இல்லை. பரீட்சையில் மட்டும் தவிர்த்துக்கொள்வோம். ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம்!

என் வேண்டுகோள்

தோழிகளே, தோழர்களே! ‘ஃபில் இன் த பிளாங்க்ஸ்’ விடையை மட்டும் மனப்பாடம் செய்யாதீங்க. ஒரு சொல்லைப் போட்டவுடன், “இதை மாற்றிப் போட்டால் அர்த்தம் என்ன ஆகும்?” என்று உங்களையே கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். ‘அண்ட்’ சொல்லிக் கொடுக்கும்போது எண்ணும்மையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் எங்களுக்குச் சட்டென்று புரியும். தமிழய்யாவும் இங்கிலீஷ் டீச்சரும் சேர்ந்து ஒரு பீரியட் எடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும். பேங்க் ஃபாரத்தையும் செக்கையும் ஒரு நாள் வகுப்புக்குக் கொண்டு வந்து காட்டினால், வீட்டில் போய் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

சின்னப் பரீட்சை

கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. த கேனல் இஸ் ட்ரை, ___ த ஃபார்மர்ஸ் ஆர் வெயிட்டிங்.
2. ஐ டு நாட் டிரிங்க் டீ, ___ டு ஐ டிரிங்க் காபி.
3. ஹரி அப், ___ யூ வில் மிஸ் த பஸ்.
4. வீ லாஸ்ட் த கபடி மேட்ச், ___ வீ பிளேட் வெல்.
5. ஷி இஸ் எ ஃபார்மர்ஸ் டாட்டர் ___ எ குட் ஸ்டூடன்ட்.

விடைகள்: 1. ஸோ. 2. நார். 3. ஆர். 4. பட் அல்லது யெட். 5. இதற்கு விடை என்ன என்று இவ்வளவு படித்த பிறகு நான் சொல்ல வேண்டியது இல்லை. ‘பட்’ என்று எழுதியவர்கள் இந்தக் கட்டுரையை இன்னொரு முறை படிக்கவும்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
வலங்கைமான்.